நாற்பது நாளில் முளைக்கும் என்றார்கள்

லப்பைக்குடிக்காடு உபைதுக்கு முடி கொட்டத் தொடங்கியது இருபத்துமூன்றாம் வயதில். அப்போது அவன் சார்ஜாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். எட்டுப் பேர் தங்கியிருந்த அறை. காலையில் மற்றவர்கள் எழுவதற்குள் தலையணையைத் தட்டி, உதிர்ந்து கிடக்கும் முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். கடல் தண்ணீரைச் சுத்தம் செய்து குழாயில் விடுகிறார்கள், அதில் குளித்தால் அப்படித்தான் என்றார்கள் கூட இருந்தவர்கள். குடிக்க வாங்கும் பாட்டில் தண்ணீரைத் தலைக்கு ஊற்றிப் பார்த்தான். சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தான். நாற்றம் தாங்காமல் அவன் கட்டிலை வாசல் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். எதற்கும் நிற்கவில்லை. ஒரே வருடத்தில் நெற்றி உச்சிவரை ஏறியது. பின்னால் கொஞ்சம், காதோரம் கொஞ்சம் என்று மிஞ்சியது. அவனைவிடப் பத்து வயது மூத்த ஒருவர் கடைக்கு வந்து, "அண்ணே, இந்தத் துணி என்ன வெலை?" என்று கேட்ட அன்று அவன் மதியம் சாப்பிடவில்லை.

ஊரில் இது யாருக்கும் தெரியாது. 1997இல் விமானம் ஏறுவதற்கு முன் பெரம்பலூர் ஸ்டுடியோவில் எடுத்த போட்டோதான் வீட்டில் இருந்தது. அதில் அவனுக்கு அடர்ந்த சுருள் முடி. அந்தப் போட்டோவைக் காட்டித்தான் அவன் அம்மா சாகிரா, வி.களத்தூரில் இர்பானா என்ற பெண்ணைப் பேசி முடித்திருந்தார். 2001 ஜூலை 27, வெள்ளிக்கிழமை நிக்காஹ். இரண்டு மாத லீவில் ஜூன் மாதத் தொடக்கத்தில் உபைது ஊருக்கு வந்தான், தலையில் வெள்ளைத் தொப்பியோடு.

அத்தா அப்துல் சுக்கூர் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஐந்து வேளையும் பள்ளிவாசலில் இருப்பவர். மகன் தொப்பியும் கையுமாக வந்து இறங்கியதில் அவருக்குப் பெருமையாக இருந்தது. வேறு எதையும் அவர் கவனிக்கவில்லை. அவர் கடைக்குப் போன பிறகு, சாகிரா மகனை உட்கார வைத்துத் தலையைத் தடவுவதற்காகத் தொப்பியை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

"என்னடா உபைது இது?"

"தண்ணிம்மா. அங்க உள்ள தண்ணி."

"போன்ல ஒரு வார்த்த சொல்லலியேடா. போன மாசந்தானே பொண்ணோட அம்மா அந்தப் போட்டாவ வாங்கிப் பாத்து, மாப்பிள்ளைக்கு முடியே அழகுன்னுட்டுப் போனாங்க?"

சாகிரா கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொப்பியை அவன் தலையில் அவரே வைத்தார்.

"கழட்டாத. அத்தாவுக்கும் தெரிய வேணாம். நிக்காஹ் முடியட்டும். அப்புறம் எது தெரிஞ்சா என்ன?"

மூன்றாம் நாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு சுவரொட்டியைப் பார்த்தான். நாற்பது நாளில் முடி முளைக்க உத்தரவாதம், பிரதி வியாழக்கிழமை அரியலூர் ரயில் நிலையம் அருகே உள்ள லாட்ஜில் டாக்டரைச் சந்திக்கலாம் என்று போட்டிருந்தது. அங்கேயே நின்று விரல் விட்டு எண்ணினான். நாளை மறுநாள் வியாழன். நாற்பது நாள் போனாலும் நிக்காஹுக்கு இன்னும் பத்து நாள் மிச்சம் இருக்கும். கால் விரற்கடை வளர்ந்தால்கூடப் போதும்.

லாட்ஜின் மாடி வராந்தாவில் பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் இளவட்டங்கள். சிலர் தலையில் கர்சீப் கட்டியிருந்தார்கள், சிலர் கேப் போட்டிருந்தார்கள், ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. உபைதுக்குப் பக்கத்தில் இருந்தவன் மட்டும் திரும்பி, "எந்த ஊரு பாய்?" என்று கேட்டான். பெயர் மதுரைவீரன். செந்துறைக்காரன். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளுக்கு எடை போடும் இடத்தில் வேலை. வயது இருபத்தைந்து.

"மூணு பொண்ணு பாத்தாச்சு பாய். மூணாவது பொண்ணு காப்பி கொண்டாந்து வச்சுட்டு, எங்க அப்பாவப் பாத்து, மாப்பிள்ள வரலியான்னு கேட்டுச்சு. நான் பக்கத்துலதான் உக்காந்துருக்கேன்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். உபைதுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒரு வருடமாக நெஞ்சில் அடைத்திருந்தது ஏதோ கொஞ்சம் இளகியது.

டாக்டர் என்று சொல்லிக்கொண்டவர் உபைதின் தலையை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வேர் சாகவில்லை, தூங்குகிறது என்றார். மிச்சம் இருக்கும் முடியையும் மழிக்க வேண்டும். ஒரு கறுப்பு எண்ணெயைத் தினமும் தேய்த்து, உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். வாரா வாரம் வந்து காட்ட வேண்டும்.

"எரியுமே சார்," என்றான் உபைது.

"எரியணும் தம்பி. எரிஞ்சாத்தான் வேர் முழிக்குதுன்னு அர்த்தம்."

அங்கேயே மழித்துவிட்டார்கள். மழித்த தலையின் மேல் தொப்பியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் மொட்டை மாடியில் எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியம்மா வற்றல் காயப்போட மாடிக்கு வந்தவர் பார்த்துவிட்டார். மாடிகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. மறைய வழியில்லை.

"என்னா உபைது, மொட்ட அடிச்சிருக்கே?"

அவன் விழித்தான். அந்த நேரத்தில் படியேறி வந்த சாகிராவின் வாயில் அது எப்படி வந்ததோ, இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

"உம்ராவுக்குப் போயிட்டு வந்திருக்கான் பெரியம்மா. உம்ரா முடிஞ்சதும் மக்காவுல எடுத்த மொட்ட."

பெரியம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். கண் கலங்கி, கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மாஷா அல்லாஹ். யாருக்குக் கெடைக்கும் இந்த வயசுல! எம்மவளுக்கு ஒம்பது வருசமாப் புள்ள இல்லடா. அங்கேர்ந்து ஜம்ஜம் தண்ணி கொண்டாந்தியா? ஒரு வாய் இருந்தாப் போதும்."

"ஏர்போர்ட்டுல வாங்கி வச்சுக்கிட்டாங்க பெரியம்மா," என்று சாகிராவே பதில் சொன்னார். "பேரீச்சம்பழம் இருக்கு, தரேன்." சார்ஜாவில் வேலை பார்த்த கடைக்கு எதிரே வாங்கி வந்த பழம் அது. ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். உபைது தலையாட்டினான். வேறு எதுவும் செய்யவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ. தொழுகை முடிந்து பள்ளிவாசலிலேயே சேதியைக் கேட்ட அப்துல் சுக்கூர், வழக்கம்போலக் கடைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினார். நாற்பது வருடமாகக் கடையில் நின்றும் அவரால் போக முடியாத இடம் அது.

"ஏன்டா அத்தாகிட்ட சொல்லல?"

"சொன்னா பெருமையாப் போயிடும்னு சொல்லலியாம்," என்றார் சாகிரா, சுவரைப் பார்த்தபடி.

"காபாவப் பாத்தியா? பாத்ததும் மொதல்ல என்னடா கேட்டே?"

உபைது வாயைத் திறந்தான். "உங்களுக்காகத்தான் கேட்டேன் அத்தா," என்றான். அந்த ஒரு பொய்தான் அவன் வாயால் சொன்னது. அதுதான் கடைசிவரை அவனைத் தின்றது.

அதற்குப் பிறகு தெருவில் நடக்க முடியவில்லை. பெரியவர்கள் எழுந்து நின்று ஸலாம் சொன்னார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கி வந்து ஓதி ஊதச் சொன்னார்கள். வி.களத்தூரிலிருந்து பெண்ணின் அத்தா வந்து, "உம்ரா முடிச்ச மாப்பிள்ள, எங்க பாக்கியம்," என்று கையைப் பிடித்துக்கொண்டார். உபைது தினமும் மதியம் மாடிக்குப் போய், ஜூன் மாத வெயிலில் கறுப்பு எண்ணெயோடு உட்கார்ந்தான். முதல் வாரம் எரிந்தது. இரண்டாம் வாரம் தோல் கொப்பளித்தது. டாக்டரிடம் காட்டினான். "பிரமாதம்," என்றார். மூன்றாம் வாரம் கொப்பளம் உடைந்து நீர் கசிந்தது. தொப்பியில் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது தோலோடு வந்தது. அப்போதும் எண்ணெய் தேய்த்தான். முளைக்கிறதா என்று கண்ணாடியை வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பான். ஒரு நாள் கறுப்பாக ஏதோ தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். சாகிரா ஈரத்துணியால் ஒற்றினார். காய்ந்த எண்ணெய்.

நான்காவது வியாழக்கிழமை அரியலூருக்குப் போகும்போதே அவனுக்குக் காய்ச்சல். லாட்ஜ் அறை பூட்டிக் கிடந்தது. வராந்தாவில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாதிப் பேர் தலையில் புண். மேனேஜர் வந்து, அந்த ஆள் திங்கட்கிழமையே காலி பண்ணிவிட்டுப் போய்விட்டான், கூட்டம் போடாமல் கிளம்புங்கள் என்று விரட்டினார். ஹெல்மெட்காரர் அதைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து அழுதார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சத்தம் மட்டும் கேட்டது.

உபைது படியில் இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மதுரைவீரன் தாங்கிப் பிடித்தான். ஆட்டோ வைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கிருந்த டாக்டர் பெண். தொப்பியைத் தண்ணீர் விட்டு நனைத்து மெல்ல எடுத்தார்.

"யாருப்பா இதத் தடவச் சொன்னது?"

மதுரைவீரன் சொன்னான். அவர் ஊசி போட்டு, சுத்தம் செய்து, கட்டுப் போட்டார். பிறகு கேட்டார்: "அம்மா வழியில யாருக்காவது வழுக்கை இருக்கா?"

"மாமாவுக்கு இருக்குங்க."

"அவ்வளவுதான். இது தண்ணியால வர்றதில்ல, நோயும் இல்ல. கொட்டுறத மெதுவாக்க மாத்திரை இருக்கு. அதுவும் எல்லாருக்கும் கேக்காது. போனது போனதுதான். ஆனா இந்தப் புண் ஆறுன எடத்துல இனிமே ஒரு முடிகூட வராது. பின்னால இருந்ததையும் கெடுத்துட்டீங்களேப்பா."

காய்ச்சலோடு தனியாக அனுப்ப மனமில்லாமல் மதுரைவீரன் லப்பைக்குடிக்காடு வரைக்கும் கூடவே வந்தான். பஸ் இறங்கியதும் எதிரே கடை. தலைக்கட்டோடு மகனைப் பார்த்த அப்துல் சுக்கூர் தராசைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"யா அல்லாஹ், என்னாச்சுப்பா? விழுந்துட்டானா?"

"இல்லைங்கய்யா, பயப்படாதீங்க. அந்த லாட்ஜ் டாக்டர் குடுத்த எண்ணெ பண்ணுன வேல. எங்க எல்லாருக்கும் இப்படித்தான். மழிச்ச தலையில தேச்சதும் தோலு வெந்துருச்சு."

"அவன் மக்காவுல எடுத்த மொட்டையில்ல? உம்ரா மொட்ட?"

"உம்ராவா? அது என்னங்கய்யா? இது அரியலூருல எடுத்ததுங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். எனக்கும் அன்னிக்குத்தான் அடிச்சாங்க."

மதுரைவீரனுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரியவில்லை. அப்துல் சுக்கூர் அவனை உள்ளே அழைத்து உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நன்றி சொல்லி, பஸ் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகுதான் கடையைப் பூட்டிக்கொண்டு மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சாகிரா வாசலிலேயே புரிந்துகொண்டார். "நாந்தாங்க சொன்னேன். எம் பொய்யி அது. புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. "எனக்காகக் கேட்டேன்னு சொன்னியேடா," என்றார் மகனிடம். அவ்வளவுதான். அடிக்கவில்லை, கத்தவில்லை. உபைது அடித்தால் தேவலை என்று நினைத்தான்.

மூன்று நாள் கழித்து, காய்ச்சல் விட்டதும் அவனைக் கூட்டிக்கொண்டு வி.களத்தூர் போனார். பெண்ணின் அத்தா முன்னால் மகனின் தொப்பியைக் கழற்றச் சொன்னார். கட்டையும் அவிழ்க்கச் சொன்னார். முடி போனது, உம்ரா பொய், லாட்ஜ் எண்ணெய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். "இதுக்கு மேலயும் உங்களுக்குச் சம்மதம்னா தேதி அப்படியே இருக்கட்டும். இல்லன்னா உங்க மேல எனக்கு வருத்தமில்ல."

பெண்ணின் அத்தா மரியாதையானவர். "புள்ளயக் கேட்டுட்டு வரேங்க," என்று உள்ளே போனார். திரைக்குப் பின்னால்தான் இர்பானா நின்றிருந்தாள். அவள் மெல்லத்தான் பேசினாள், ஆனால் சின்ன வீடு. "பாத்தாப் பயமா இருக்கு அத்தா. எனக்கு வேணாம்," என்று சொன்னது கூடத்தில் தெளிவாகக் கேட்டது. பொய்யைக் காரணம் சொல்லி மறுத்திருந்தால் உபைது தாங்கியிருப்பான். அவள் சொன்னது அவன் தலையை. அவளுக்குப் பத்தொன்பது வயது. அவள் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. வர இடமும் இல்லை.

அத்தா இன்னொன்றும் செய்யச் சொன்னார். தங்களுக்காக ஓதச் சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வா என்றார். பதினோரு வீடு. சிலர் சிரித்தார்கள். ஒருவர் காறித் துப்பினார். பக்கத்து வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனான். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு பிஸ்மி சொல்லி எண்ணித் தின்னாடா எம்மவ, அந்தப் பழத்த," என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அங்கிருந்து உபைது வெள்ளாற்றுப் பாலத்துக்கு நடந்தான். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். பட்டப் பகலில் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றான், என்ன நினைத்தான் என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. திட்டக்குடியிலிருந்து வந்த டவுன் பஸ் நின்றது. தெரிந்த கண்டக்டர், "என்ன பாய், வெயில்ல? ஏறுங்க," என்றார். ஏறிக்கொண்டான்.

லீவு முடிய மூன்று வாரம் இருக்கும்போதே சார்ஜாவுக்குத் திரும்பினான். பிறகு ஐந்து வருடம் ஊருக்கு வரவில்லை. புண் ஆறி, உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று ஒரு தழும்பு மிஞ்சியது. அறையில் இருந்தவர்கள் வருடா வருடம் பஸ்ஸில் உம்ராவுக்குப் போனார்கள், அவனையும் கூப்பிட்டார்கள். அவனுக்குத் தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குப் போன் செய்வான். அத்தா எடுத்தால், "நல்லாருக்கியா? அம்மாட்ட குடுக்குறேன்," என்பதோடு முடிந்துவிடும். தரகர்கள் வேறு இடம் சொன்னார்கள். வாய் பேசாத பெண், நாற்பதைத் தொட்ட பெண். ஒவ்வொன்றுக்கும் சாகிரா போனில் அழுதார். உபைது, "எனக்குக் கல்யாணமே வேணாம்மா," என்று வைத்துவிடுவான். மதுரைவீரன் மட்டும் அவ்வப்போது கடிதம் போட்டான். 2003இல் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. "பொண்ணு பாக்கப் போகும்போதே, நாந்தான் மாப்பிள்ளன்னு வாசல்லயே கத்திட்டுத்தான் பாய் உள்ள போனேன்," என்று எழுதியிருந்தான். உபைது அதைப் படித்து வருடக்கணக்கில் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தான். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

2006இல் அத்தாவுக்குக் கண் ஆபரேஷன் என்று வந்தான். அப்போதுதான் பெரம்பலூரில் ஃபஹ்மிதாவைப் பற்றிச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுப்பவள், இருபத்தேழு வயது. நிக்காஹ் நடந்து இரண்டு மாதத்தில் தலாக் ஆனவள். அந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே துபாயில் ஒரு குடும்பம் இருந்திருக்கிறது.

உபைது போனதும் முதல் வேலையாகத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவள் தம்பியும் அம்மாவும் இருக்க, எதிர் நாற்காலியில் அவளே வந்து உட்கார்ந்தாள்.

"அது என்ன தழும்பு?"

எல்லாவற்றையும் சொன்னான். பாதியில் அவள் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

"இப்பவும் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டாள் ஃபஹ்மிதா.

"தெனமும்."

"என்கிட்ட பழைய ஆளு ரெண்டு மாசமும் நல்லாத்தான் பேசுனாரு. முடியும் நல்லாருந்துச்சு," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "எனக்குச் சம்மதம். பாவம்னு பாத்துச் சொல்லல. நான் அப்படிப் பாத்தா நீங்களும் என்னை அப்படித்தான் பாப்பீங்க."

செப்டம்பரில் நிக்காஹ். அவன் சார்ஜாவை விட்டுவிட்டு அத்தாவின் கடையைப் பார்த்துக்கொண்டான். அத்தா மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார். சரக்கு, வாடிக்கையாளர் பற்றி மட்டும். பக்கத்து வீட்டுக் கதவு அவனுக்குத் திறக்கவில்லை.

2007 ஜூலையில் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஃபஹ்மிதாவுக்கு மகன் பிறந்தான். ஒன்பது மாதமும் பெண்ணாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தான் உபைது. காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. நர்ஸ் துணியை விலக்கி, "பாருங்க, எவ்வளவு முடி!" என்று காட்டினார். கருகருவென்று, நெற்றி மறைய இருந்தது. பிள்ளையை வாங்காமல் வராந்தாவுக்குப் போய் நின்றான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, பிள்ளைக்கு மாமாவான ஃபஹ்மிதாவின் தம்பியின் தலையையும் பிள்ளையின் தலையையும் மாறி மாறிப் பார்த்தான். தம்பிக்கு நெற்றி ஏறத் தொடங்கியிருந்தது.

ஃபஹ்மிதாவுக்குப் புரிந்துவிட்டது.

"இப்பவே அவன் தலையப் பாக்காதீங்க," என்றாள். "பசிக்குது அவனுக்கு. என்னைக் கொஞ்சம் தூக்கி உக்கார வைங்க."